ரப்பரில் வெட்டிய பெயர்

ஸ்கர்து பஜாரில், தபால் நிலையத்துக்கு எதிரே
ஒன்றரை ஆள் அகலத்தில் என் கடை.
ரப்பர் முத்திரை, பெயர்ப் பலகை, லேமினேஷன்.
கரண்ட் இருந்தால் ஜெராக்ஸ்.

இந்த மண்ணின் பெயரை
நான் என்றைக்கும் இடவலம் மாற்றியே எழுதியிருக்கிறேன்.
காகிதத்தில் அது நேராக விழ வேண்டுமென்றால்
ரப்பரில் முகம் திருப்பி நிற்க வேண்டும்.

முதலில் நாங்கள் வெறும் திசையாக இருந்தோம்.
வடக்குப் பகுதிகள்.
எதற்கு வடக்கு என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை. எழுத்துக்கு இரண்டு ரூபாய்.

பிறகு ஓர் ஆணை வந்தது.
இரண்டு ஊரை நடுவில் ஒரு கோடு போட்டுச் சேர்த்து
பெயர் என்றார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு முத்திரைக்கு ஆர்டர்.
மூன்று இரவு தூங்கவில்லை,
மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கினேன்.
சீர்திருத்தம் எனக்கு நல்ல வியாபாரம்,
பொய் சொல்ல மாட்டேன்.

கவுன்சில் போய்ச் சபை,
சபைக்கு அதிகாரம்,
அதிகாரத்துக்குத் திருத்தம்,
திருத்தத்துக்கு இன்னோர் ஆணை.
செல்லாத முத்திரைகளை எல்லாம்
ஆப்ரிகாட் எண்ணெய் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.
குலுக்கினால்
பல் விழுந்த வாய் சிரிப்பதுபோல் ஒரு சத்தம்.

ஒருமுறை 'தற்காலிக மாகாணம்' என்று
முன்கூட்டியே வெட்டித் தரச் சொன்னார் ஒரு குமாஸ்தா.
மாகாணம் அடங்கிவிட்டது.
தற்காலிகத்துக்குத்தான் வட்டத்தில் இடம் போதவில்லை.

அந்தப் பக்கத்து வரைபடத்திலும் என் கடை இருக்கிறது,
இந்தப் பக்கத்து வரைபடத்திலும் இருக்கிறது.
இரண்டு பக்கத்து நாடாளுமன்றத்துக்கும்
நான் ஓட்டுப் போட்டதில்லை.
கார்கிலில் என் சித்தி மகன் இறந்த செய்தி
ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு ஒரு நொடியில் வந்தது.
அவன் வீடு ஒரு நாள் பயணம்.
சாலை, என் தந்தை பிறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் மூடியது.

பேர் வைத்தவர்கள் மாவும் வைப்பார்கள் என்றிருந்தோம்.
அந்தக் குளிரில் கோதுமை விலை ஏறியது.
சதுக்கத்தில் ஊரே உட்கார்ந்தது,
மீசையில் பனி, கோஷத்தில் ஆவி.
கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.
பதினோராம் நாள்
கல்லூரியில் புவியியல் நடத்தும் கனீஸ் சுக்ரா
ஒரு காகிதத்தை நீட்டினாள்.

மேலே ஒரு விட்டம்,
அதிலிருந்து தொங்கும் எழுத்துகள்,
கசாப்புக் கடைக் கொக்கிகள்போல.
"பல நூறு வருஷத்துக்கு முன் நாம் எழுதியது இது.
யாரும் ஆணை போடாத பெயர்.
வெட்டித் தருவீர்களா?"

வாசிக்கத் தெரியவில்லை. வெட்ட உட்கார்ந்தேன்.
எங்கள் உருது வலமிருந்து இடம் போகும்,
ரப்பரில் திருப்பினால் கை முரண்டும்;
முப்பது வருஷமாக அந்த முரண்டோடுதான் பிழைப்பு.
இந்த எழுத்தோ இடமிருந்து வலம்.
திருப்பினேன்.
கத்தி தானாக நடந்தது,
மடை திறந்த தண்ணீர் வயலுக்குப் போவதுபோல.
பாதியில் நிறுத்தி
கையைப் பார்த்தேன்.
காசு வாங்க மறந்துபோனேன்.

கனீஸ் அதை எதில் குத்தினாளோ,
ஒரு வாரத்தில் இன்ஸ்பெக்டர் நஜாபத் வந்தார்.
ஷிகர்காரர். என் மொழியில்தான் அதட்டினார்.
அச்சுப் பதிந்த மாதிரி ரப்பரைக் கேட்டார், கொடுத்தேன்.
என்ன எழுதியிருக்கிறது என்றார்.
தெரியாது என்றேன். உண்மைதான்.
மையில் ஒற்றி, காகிதம் தேடி,
கடைசியில் தன் உள்ளங்கையிலேயே குத்திப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
இந்த மை லேசில் போகாது சார் என்றேன்.

அந்தக் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு
பனியில் இறங்கி நடந்தார்.
சல்யூட் வைத்த கான்ஸ்டபிளுக்கு
இடது கையால் பதில் சல்யூட்.

லேமினேஷனுக்கு அவர் தர வேண்டிய பாக்கி
இன்னும் அப்படியே நிற்கிறது.